அப்பாவின் நடுக்கமும் ஸ்டெம் செல் ஊசியும்

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. ஆறு வருடமாகப் பார்க்கின்சன் நோய். சட்டைப் பொத்தானைக்கூட அவரால் போட முடியவில்லை. ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று ஒரு கிளினிக்கின் வீடியோவைப் பார்த்துவிட்டு, வீட்டை விற்றாவது போட வேண்டும் என்கிறார் அண்ணன். நான் தயங்கினால், “அப்பாவைவிட உனக்குப் பணம் பெரிதா?” என்கிறார். அம்மாவோ, “கருவை அழித்து எடுக்கிறார்களாமே, அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்” என்கிறார். நான் என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அந்த வீடியோ முழுப் பொய்யாக இருந்திருந்தால் உங்கள் வேலை சுலபம். ஆனால் ஸ்டெம் செல் (உடலின் வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) ஆராய்ச்சி பார்க்கின்சன் விஷயத்தில் உண்மையிலேயே நகர்ந்திருக்கிறது. 2025-இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் இரண்டு ஆய்வுகளின் முடிவுகள் வந்தன. ஜப்பானின் கியோட்டோவில் 7 பேர், வட அமெரிக்காவில் 12 பேர். செல்களால் பெரிய ஆபத்து எதுவும் வரவில்லை, சிலருக்கு உடல் அசைவும் மேம்பட்டது. ஆனால் இவை முக்கியமாகப் பாதுகாப்பைச் சோதித்த ஆரம்பகட்ட ஆய்வுகள். குணமாகிவிட்டது என்று அந்த ஆய்வாளர்களே சொல்லவில்லை.

அங்கே என்ன செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். பார்க்கின்சனில், உடல் அசைவைச் சீராக்க உதவும் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளைச் செல்கள் அழிந்துபோகின்றன. அவற்றுக்குப் பதிலாக அதே வகைச் செல்லாக முதிரக்கூடியவற்றை ஆய்வகத்தில் வளர்த்து, மண்டையோட்டில் துளையிட்டு, மூளையின் குறிப்பிட்ட இடத்தில் வைத்தார்கள். உடல் அவற்றை ஒதுக்கிவிடாமலிருக்க மாதக்கணக்கில் மருந்தும் கொடுத்தார்கள். இப்படி ஊசி விற்கும் கிளினிக்குகள் பலவற்றில் நடப்பது வேறு. வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி, அதிலிருந்து பிரித்த செல்களைக் கையில் டிரிப்ஸ் போல ஏற்றுகிறார்கள். அப்படி ஏற்றும் செல்களில் பெரும்பகுதி நுரையீரலின் நுண்ணிய ரத்தக்குழாய்களிலேயே தங்கிவிடுகிறது. மூளையில் போய் டோபமின் செல்லாக மாறும் என்பதற்கு ஆதாரம் கிடையாது.

அப்படியானால் வீடியோவில் எழுந்து நடப்பவர் நடிக்கிறாரா என்று அண்ணன் கேட்பார். நடிக்க வேண்டிய அவசியமே இல்லை. மருந்து என்று நம்பி வெறும் உப்புநீர் ஊசி போட்டுக்கொண்டாலும் பார்க்கின்சன் நோயாளியின் மூளை டோபமினைச் சுரக்கிறது. 2001-இலேயே மூளை ஸ்கேனில் இதைப் பார்த்துவிட்டார்கள். நம்பிக்கை பெரிதாக இருந்தால் நடையிலும் கொஞ்ச நாள் தெரியும். கேமரா அந்த நாளைத்தான் பிடிக்கிறது.

ஊசியால் கெடுதல் ஒன்றுமில்லை என்றும் நினைக்காதீர்கள். அமெரிக்காவில் ஒரு கிளினிக்கில் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை இரண்டு கண்ணிலும் ஏற்றிக்கொண்ட மூன்று பெண்கள் பார்வையைப் பெருமளவு இழந்தது 2017-இல் மருத்துவ இதழில் வெளியானது. ‘ஆய்வு’ என்று நம்பிப் போனவர்களும் அவர்களில் உண்டு. முறையான ஆய்வில் சோதனைச் சிகிச்சைக்கு நோயாளியிடம் பொதுவாகப் பணம் கேட்க மாட்டார்கள்.

அம்மாவின் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 1998-இல் அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல்லைப் பிரித்தெடுத்தபோது உலகமே இதைத்தான் கேட்டது. அவை செயற்கைக் கருத்தரிப்பில் மிஞ்சி, தம்பதிகள் சம்மதித்துக் கொடுத்த, சில நாளே வளர்ந்த கருக்கள். சரியா தவறா என்பதில் இன்றும் எல்லோரும் ஒத்துப்போகவில்லை. ஆனால் 2006-இல் ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யமனாகா எலியின் தோல் செல்லையே பின்னோக்கித் திருப்பி ஸ்டெம் செல் போல ஆக்கிக் காட்டினார், மறுவருடம் மனிதச் செல்லிலும். 2012-இல் நோபல் பரிசு. நான் சொன்ன கியோட்டோ ஆய்வு இந்த வழியில் வந்தது. வட அமெரிக்க ஆய்வுதான் கருவழிச் செல்களை வைத்து நடந்தது. உங்கள் கிளினிக்கும் கொழுப்பு எடுக்கும் வகை என்றால், அதில் கருவே இல்லை. அம்மாவுக்கு அந்தக் கவலை வேண்டாம், வேறு கவலைகள் போதும்.

சரி, அண்ணனை என்ன செய்வது? வாதம் வேண்டாம். பணத்தைக் காட்டி உங்களைக் குற்றவாளியாக்குவது, அப்பாவை இப்படிப் பார்க்க முடியாத தவிப்பில்தான் என்று நினைக்கிறேன். இருவரும் சேர்ந்தே கிளினிக்குக்கு எழுதுங்கள்: எந்தச் செல், யாருடையது, எப்படி மூளைக்குப் போகிறது, எந்த அரசு அமைப்பு அனுமதித்தது, இதே ஊசியை இன்னும் எத்தனை நோய்க்குப் போடுகிறீர்கள். “நேரில் வாருங்கள்” என்று மட்டும் பதில் வந்தால் அண்ணனுக்கே புரியும்.

அப்புறம், அப்பாவின் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபா மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றினாலே சிலருக்கு நாளின் பாதி மீண்டு வரும். மூளைக்குள் மின்முனை பொருத்தி மெல்லிய மின்துடிப்பு தரும் ஆழ்மூளைத் தூண்டல் சிகிச்சை அவருக்குப் பொருந்துமா என்றும் கேளுங்கள். அது நிரூபிக்கப்பட்டது. இத்தனைக்கும் நடுவில் அப்பாவின் கருத்து என்ன என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே? முதலில் அவரிடம் கேளுங்கள்.

அண்ணனிடம் இதையும் சொல்லிவையுங்கள்: ஏற்கெனவே ஏதாவது செல் சிகிச்சை எடுத்தவர்களை முறையான ஆய்வுகள் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வதில்லை. இன்று அவசரப்பட்டுப் போடும் ஊசி, நாளை அப்பாவுக்குத் திறக்கக்கூடிய கதவை அடைத்துவிடலாம்.