வீதியை மூடும் முன் ஒரு வெறும் குழாய்

கேள்வி: எங்கள் ஒழுங்கையில் தண்ணீர்க் குழாய் மாற்றி, காபட் போட்டு நாலு மாதம்கூட ஆகவில்லை. இப்போது பைபர் போடவென்று மறுபடி வெட்டியிருக்கிறார்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியாதா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: முடியும் சகோதரி, அப்படித்தான் செய்திருக்க வேண்டும். பைபர் என்பது இணையத்தைக் கொண்டுவரும் தலைமுடி அளவு கண்ணாடி இழை, அதற்குப் பெரிய காசு போவதில்லை. வீதியை வெட்டுவதற்கும் மூடுவதற்கும்தான் காசு போகிறது. ஐரோப்பிய ஆணைக்குழுவின் கணக்கில், வேக இணைய வலையமைப்பு போடும் செலவில் 80 சதவீதம் வரை இந்த மண்வேலைக்கே. தண்ணீர்க் குழாய்க்காகக் குழி திறந்திருக்கும்போதே பைபரையும் போட்டாக வேண்டும் என்றில்லை. எச்.டி.பி.ஈ. என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் ஒரு வெறும் குழாயைப் போட்டு, உள்ளே இழுகயிறு விட்டு, இரண்டு முனைகளையும் இறுக்கி அடைத்து வைத்தால் போதும், கேபிளைப் பிறகு எந்த வருடமும் இழுத்துக்கொள்ளலாம். அடைக்காமல் விட்டால் நம் ஊர் மழைக்கு ஒரே பருவத்தில் சேறு ஏறி, போட்ட குழாய் வீணாகிவிடும். அப்புறம், அதைத் தண்ணீர்க் குழாயின் நேர் மேலே வைக்கக் கூடாது, ஒரு பக்கமாகத் தள்ளி வைத்து மேலே எச்சரிக்கை நாடா விரிக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்குத் தண்ணீர்க் கசிவு பார்க்க வருகிறவர்களின் பெக்கோ முதலில் அறுப்பது பைபரைத்தான்.

இதெல்லாம் சின்ன வேலைதான். ஆனால் தண்ணீர் ஒரு சபையிடம், மின்சாரம் வேறொரு நிறுவனத்திடம், கேபிள் கம்பனிகளிடம். காலி வீதி என்றால், அது வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கீழ், அதிலிருந்து உங்கள் ஒழுங்கைக்குள் திரும்பினால் கொழும்பு மாநகர சபை. ஒவ்வொருவருக்கும் தனித்தனி வருடத் திட்டம். எந்த வீதி எந்த மாதம் திறக்கப்படும் என்று எல்லோரும் ஒரே அட்டவணையில் எழுதி, மூடும் முன் மற்றவர்களைக் கேட்டாக வேண்டும் என்பதை அனுமதியின் நிபந்தனையாகவே வைக்க வேண்டும்.

கேள்வி: குப்பை அள்ளவே திணறும் மாநகர சபைக்கு இந்த வேலை எதற்கு? கம்பனிகள் தங்கள் காசில் போட்டுக்கொள்ளட்டும்.
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: கம்பனிகள் தனித்தனியாகப் போட்டால் வெட்டும் தனித்தனியாகத்தான். சபை இணையம் விற்க வேண்டாம் ஐயா. சுவீடனின் ஸ்டொக்ஹோம் நகரம் 1994இல் ஸ்டொகாப் என்று சொந்தக் கம்பனி தொடங்கி, பைபரைப் போட்டு, இணையம் விற்கும் எல்லோருக்கும் வாடகைக்கு விட்டது. வீடுகளுக்கு அது இணையம் விற்பதில்லை. இங்கே வெறும் குழாயோடு நின்றாலே பாதி வேலை முடிந்த மாதிரி, குழாய்க்கான வாடகையும் சபைக்கு வரும்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: வரைபடம். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இப்படி வெறும் குழாய் போட்டோம். போட்டவர் ஓய்வு பெற்றுப் போனார், படம் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை, கடைசியில் குழாய் கீழே கிடக்க அதற்குப் பக்கத்திலேயே புதிதாக வெட்டினோம். அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் ஆறவில்லை. பிளாஸ்டிக் குழாயை உலோகம் தேடும் கருவி கண்டுபிடிக்காது, கூடவே ஒரு செப்புக் கம்பி ஓட வேண்டும். ஆழம், மதிலில் இருந்து தூரம், இரண்டும் குழி மூடும் முன்பே அளந்து பதிய வேண்டும், மூடிய பிறகு நினைவில் இருந்து எழுதுவது உதவாது.

கேள்வி: அடுக்குமாடி கட்டுகிறோம், நாங்கள் ஏதாவது செய்ய வேண்டுமா?
- வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: வீதி ஓரத்தில் இருந்து கட்டடத்துக்குள் ஒரு வெறும் குழாய், அங்கிருந்து மேல்மாடி வரை இன்னொன்று. கூரான வளைவு வேண்டாம், கண்ணாடி இழைக்கு அது ஆகாது.

கேள்வி: எங்கள் வீதியை அடுத்து எப்போது வெட்டப் போகிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
- வாசகி, தெமட்டகொடை

பதில்: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாநகர சபையின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் சொல்ல வேண்டும். “உங்களிடம் உள்ள திட்டங்களைத் தாருங்கள்” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். வீதியின் பெயரைப் போட்டு, இந்த வருடம் அதை வெட்ட யார் யாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள், எந்தத் திகதிக்கு, மூடும் முன் வெறும் குழாய் போடும் நிபந்தனை அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். தமிழிலேயே எழுதலாம்.