வாசகர் கேள்வி: இளவரசியைக் கடத்துவது எப்படி?

பூதமும் அதன் எடுபிடியும் பழையாறை அரண்மனையிலிருந்து இளவரசியைக் கடத்துகிறார்கள். வாசகரே முடிவெடுத்து நகர்த்தும் நகைச்சுவைக் கதை. பக்கத்துக்கு இரண்டு வழி வைத்தேன். நான்காவது கட்டத்திலேயே கை ஓய்ந்துவிட்டது.
– வாசகி, மன்னார்குடி

ஓயத்தான் செய்யும். இரண்டிரண்டாகப் பிரித்துக்கொண்டே போனால் 6 தேர்வில் 64 முடிவுகள், மொத்தம் 127 பக்கங்கள். ஒருவர் ஒரு தடவையில் படிப்பதோ 7 பக்கம். ஆகவே பிரித்ததை உடனே சேர்த்துவிடுங்கள். மதிலேறிக் குதித்தாலும் மடைப்பள்ளி வழியாக நுழைந்தாலும் அடுத்து வருவது இளவரசியின் அறைதான். கட்டத்துக்குக் கேள்விப் பக்கம் 1, விளைவுப் பக்கம் 2. இப்படி 6 கட்டம், கடைசியில் 3 முடிவு. 21 பக்கத்தில் அடங்கிவிடும்.

ஆனால், 'எதைத் தொட்டாலும் ஒன்றுதானே' என்று வாசகருக்குச் சலிப்பு வரும். அதற்கு மருந்து, கதை ரகசியமாக வைத்திருக்கும் ஓர் எண். 'இளவரசியின் எரிச்சல்' 0-இல் தொடங்கட்டும். சாக்கில் கட்டித் தூக்கினால் 1 கூட்டுங்கள். பழைய சோற்றுக்கு ஊறுகாய் தராவிட்டால் இன்னொரு 1. எண் 3-ஐத் தொட்டதும் அவள் பூதத்தை ஓரங்கட்டிவிட்டுக் கடத்தலைத் தானே நடத்தத் தொடங்கலாம். எண்ணை வாசகர் கண்ணில் காட்டாதீர்கள். காட்டினால் கணக்குப் பார்ப்பார், சிரிக்க மாட்டார்.

என் கதையில் யாருக்கும் சிரிப்பு வரவில்லையே?
– வாசகர், திருவாரூர்

தேர்வு வரியிலேயே ஜோக் அடித்துவிடுகிறீர்களோ? 'அசட்டுத்தனமாகக் கதவைத் தட்டு' என்றால் விளைவுக்கு மிச்சம் ஏது? 'கதவைத் தட்டு' போதும். புத்திசாலித்தனமாகத் தெரியும் வழிதான் அதிகமாகச் சொதப்ப வேண்டும். இளவரசியை விடுவிக்க 1000 கலம் நெல் கேட்கிறது பூதம். ராஜா மறுபேச்சில்லாமல் சம்மதிக்கிறார். 'அளந்து வாங்கு' என்பதை வாசகர் தொடுகிறார். கலத்துக்கு 12 மரக்கால். 12,000 மரக்கால் அளந்து முடிப்பதற்குள் படை வந்து நிற்கும். தவறான வழிக்கு 'செத்தாய், முற்றும்' என்று போடுவது சோம்பல். அங்கேதான் நல்ல சிரிப்பை ஒளித்து வைக்க வேண்டும்.

தப்பிக்கும் வழியாகப் புதாற்றை வைக்கலாமா?
– வாசகர், ஒரத்தநாடு

வேண்டாம். புதாறு என்கிற கல்லணைக் கால்வாய் மேட்டூர் அணைத் திட்டத்தோடு 1934-இல்தான் வந்தது; உங்கள் கதையோ ராஜா காலத்தது. பூதமே இருக்கும் கதையில் கால்வாய் இருந்தால் என்ன என்பீர்கள். பூதத்தை நம்பும் தஞ்சாவூர்க்காரர் இதை நம்ப மாட்டார். அரசலாற்றில் இறங்கினால் காரைக்கால் கடல் வரை போகலாம். ஆடியா, சித்திரையா என்பதை முதல் பக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். ஆடி என்றால் தோணி ஓடும். சித்திரை என்றால் மணலில் தோணியைத் தள்ள வேண்டியதுதான். எரிச்சலில் 1 கூடும்.

வாசகரை ஆணென்று எழுதுவதா, பெண்ணென்றா?
– வாசகி, சீர்காழி

'நீ ஏறுகிறாய்' என்று முன்னிலையில் எழுதினால் அந்தக் கேள்வியே எழாது. எடுபிடி வாசகரைப் பற்றிப் பேசும்போதுதான் 'வந்துவிட்டானா, வந்துவிட்டாளா' என்று மாட்டிக்கொள்வீர்கள். 'தலைவர் வந்துவிட்டார்' என்று பேச விடுங்கள்.

எந்த மென்பொருள்?
– வாசகர், கும்பகோணம்

ட்வைன். இலவசம், தமிழை ஏற்கும். [[தோணித் துறை]] என்று இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதினால் அந்தப் பெயரில் அடுத்த பக்கத்துக்கு இணைப்பு வந்துவிடும். இன்னோரிடத்தில் 'த்' விட்டுப்போனால் புதிதாக ஒரு வெற்றுப் பக்கம் முளைக்கும், கதை அங்கே அறுந்துபோகும். உலாவியிலேயே எழுதுகிறவர்களின் கதை அந்த உலாவிக்குள்தான் சேமிப்பில் இருக்கும். அதன் தரவை அழித்தால் கதையும் போகும். எழுந்திருக்கும் முன் ஒரு பிரதியைக் கோப்பாக இறக்கி வையுங்கள்.