அந்த மணியைப் பற்றிப் பேசுங்கள்

கேள்வி: இமயமலையில் மலையேற்றம் போய்வந்தேன். ஊர்ப் பள்ளியில் ஊக்கமாக நாலு வார்த்தை பேசக் கூப்பிடுகிறார்கள். எதைப் பேசுவது?
– வாசகர், தேனி

பதில்: 'முயன்றால் முடியும்' மட்டும் வேண்டாம்; பிள்ளைகள் நூறு முறை கேட்டாயிற்று. அமெரிக்க மலையேறி எரிக் வைஹென்மேயரின் கதையைச் சொல்லுங்கள். அவர் பதின்ம வயதில் பார்வையை இழந்தவர். 2001 மே 25 அன்று எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் பார்வையற்றவர். முன்னே போன தோழரின் மணிச்சத்தத்தைப் பிடித்துக்கொண்டே ஏறினார். எனக்கு அந்த மணிதான் மனதில் நிற்கிறது, மலையின் உயரம் இல்லை.

அப்புறம், நீங்கள் பயந்த இடத்தைச் சொல்லுங்கள். நான் படிக்கையில் எங்கள் பள்ளிக்கு வந்த மலையேறி ஒருவர், விரல்கள் விறைத்து ஷூ கயிறு கட்ட முடியாமல் அழுததைச் சொன்னார். நாற்பது வருடமாகியும் அவர் முகம் மறக்கவில்லை.

உங்கள் பழைய பூட்ஸையும் எடுத்துப் போங்கள். பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும்.