வன்னியில பொம்பிளையள் எப்பிடித் தளபதி ஆனவை?

ஆம்பிளையளே முடிவெடுத்த ஊரில இது எப்பிடி நடந்தது எண்டு கனபேர் கேக்கிறவை. தளபதி எண்டா துவக்குத் தூக்கிறவ மட்டுமில்ல, அணிய எங்க நிப்பாட்டுறது, எப்ப பின்வாங்கிறது, காயக்காரரை எப்பிடி எடுக்கிறது எண்டு முடிவெடுத்து அதுக்குப் பொறுப்பும் எடுக்கிறவ. புலிகளின்ர மாலதி படையணி, சோதியா படையணி ரெண்டிலயும் கட்டளை குடுத்ததும் பெண்கள்தான். மாலதி எண்டது அந்தப் படையணிக்குப் பேராய் வைச்ச போராளி, 1987 ஒக்ரோபர்ல கோப்பாயில இந்திய ஆமியோட நடந்த சண்டையில செத்தவ. பிறகு மாலதி அணிய நடத்தின விதுசாவும் சோதியா அணிய நடத்தின துர்க்காவும் 2009 ஏப்ரல்ல ஆனந்தபுரத்துச் சண்டையில செத்தவை.

முதல் காரணம் ஆள் பற்றாக்குறை, அதை மறைக்கத் தேவையில்ல. ஆம்பிளையள் செத்தும் வெளிநாடு போயும் குறைஞ்சிட்டினம். தமையன் கனடா போன வீட்டில மூத்த பெட்டை லான்ட்மாஸ்ரர் ஓடி வயல் உழுகிற மாதிரித்தான், ஊர் சம்மதிச்சு ஓடேல்ல, ஆளில்லாமல் ஓடினது, நல்லா உழுதாப் பிறகு ஊர் வாய மூடிட்டுது. ஆமிப் பயம், இடப்பெயர்வு, வீட்டுக் கட்டுப்பாடு எண்டு தாங்களா விரும்பிப் போனவையும் கனபேர். கடைசிக் காலத்தில புலிகள் வீட்டுக்கு ஒராள் எண்டு பிடிச்சுக்கொண்டு போனதும் நடந்தது, சின்னப் பிள்ளையளையும்தான், அதையும் சேத்துத்தான் சொல்லோணும்.

பெண் தளபதி இருந்தா ஊரே மாறிட்டுது எண்டு நினைக்கிறது பிழை, 2009க்குப் பிறகு இயக்கத்தில இருந்து திரும்பி வந்த பொம்பிளைப் பிள்ளையளுக்குக் கலியாணம் பேசவே சனம் யோசிச்சது.