போர் லைனும் பி.டபிள்யூ.டி. லைனும் ஒண்ணா சேந்திருக்கு, என்.ஆர்.வி. போட்டா போதுமா?

புதுச்சேரி லாஸ்பேட்டையிலேர்ந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. வீட்ல பி.டபிள்யூ.டி. தண்ணியும் (பொதுப்பணித்துறை விடுற குடிநீர்) இருக்கு போரும் இருக்கு, கோடையில தண்ணி சரியா வரலைன்னு பிளம்பர் ரெண்டு லைனையும் ஒரு டீ (T மாதிரி இருக்கிற இணைப்பு) போட்டு சேத்து நடுவுல கேட் வால்வு வச்சுட்டுப் போயிட்டாரு, இப்ப காலையில முதல்ல வர்ற தண்ணி கரிக்குது, வாடை வேற, கேட்டா ஒரு என்.ஆர்.வி. (தண்ணிய ஒரே பக்கமா மட்டும் விடுற வால்வு) போட்டா சரியாயிடும்ங்கிறாராம்.

ஆகாதும்மா. அந்த டீயையே அறுத்து எடுத்துட்டு ரெண்டு பக்கமும் எண்ட் கேப் போட்டுடுங்க, இந்த வாரமே.

நம்ம ஊர்ல தண்ணி நேரத்துக்குத்தான் விடுறாங்க. விடுறத நிறுத்தினதும் குழாய்ல இருக்கிற தண்ணி தாழ்வான தெருப் பக்கம் இறங்கும், அங்க யாராவது லைன்ல நேரா மோட்டார் போட்டு இழுத்தா கேக்கவே வேணாம், உள்ள வெற்றிடமாகி வண்டியிலேர்ந்து டியூப் போட்டு பெட்ரோல் உறிஞ்சுற மாதிரி உங்க வீட்டுப் பக்கம் இருக்கிறத எல்லாம் இழுத்துக்கும், பக்கெட்ல முக்கி வச்ச ஹோஸ் தண்ணி உட்பட. இன்னொரு வழி, நீங்க போர் மோட்டார் போடும்போது அந்த பிரஷர் லைன் பிரஷரவிட ஜாஸ்தி, அதுவே தெருக்குழாய்க்குள்ள தள்ளிடும். அப்ப குடிக்கிறது நீங்க மட்டும் இல்ல, தெருவே.

வால்வு மூடித்தானே இருக்குன்னு நினைக்காதீங்க. உப்புத் தண்ணி பட்ட கேட் வால்வு நாளாக ஆக இறுக்கமா மூடாது, அதுவும் இல்லாம யாராவது ஒரு நாள் திறந்துடுவாங்க. 2007-ல ஃபின்லாந்துல நோக்கியாங்கிற ஊர்ல கழிவுநீர் நிலையத்துல இப்படித்தான் குடிநீர் லைனையும் சுத்திகரிச்ச கழிவுநீர் லைனையும் சேத்து நடுவுல ஒரு வால்வு வச்சிருந்தாங்க, அத திறந்து விட்டதுல 8,000 பேருக்கு மேல வயித்துப்போக்கு.

என்.ஆர்.வி. உள்ள ஒரு சின்ன தகடுதான். ஒரு மணல் துணுக்கு மாட்டினாலும், உப்பு படிஞ்சாலும் அது முழுசா உக்காராது, வெளியிலேர்ந்து பாத்தா தெரியவும் தெரியாது. கூடுதலா ஒண்ணு இருந்துட்டுப் போகட்டும், அதையே நம்பி ரெண்டு லைன சேக்கக் கூடாது.

நம்பக்கூடியது காத்து இடைவெளி மட்டும்தான். பி.டபிள்யூ.டி. குழாய் சம்ப்புக்குள்ள எங்க வாய் விடுதுன்னு மூடியத் திறந்து பாருங்க, பிரஷர் கம்மின்னு பல வீட்ல அடிமட்டம் வரைக்கும் இறக்கி விட்டிருப்பாங்க, அது ரொம்ப தப்பு. குழாய் வாய்க்கும் தண்ணி ஏறக்கூடிய உச்ச மட்டத்துக்கும் நடுவுல குழாய் விட்டத்தப் போல ரெண்டு மடங்கு, குறைஞ்சது ஒரு இன்ச் இடைவெளி வேணும். முக்கால் இன்ச் குழாய்னா ஒன்றரை இன்ச். உச்ச மட்டம்னா ஃப்ளோட் நிக்கிற இடம் இல்லைங்க, ஃப்ளோட் கெட்டுப்போய் சம்ப்பு வழியுற மட்டம். சம்ப்பு வாயச் சுத்தி தரையிலேர்ந்து முக்கால் அடி, ஒரு அடி கட்டைச் சுவர் எழுப்பிட்டா இன்னும் நல்லது, 2024 ஃபெஞ்சல் மழையில தெருத்தண்ணி வீட்டுக்குள்ள வந்தத மறந்திருக்க மாட்டீங்க, அது நேரா சம்ப்புலதான் இறங்கும். போர் தண்ணியும் வேணும்னா அதையும் மேலேர்ந்து தனிக் குழாய்ல சம்ப்புல விழ விடுங்க. குடிக்க, சமைக்க பி.டபிள்யூ.டி. தண்ணி தனியா வேணும்னா டேங்கும் ரெண்டா இருக்கணும்.

பிளம்பர் வேலைய முடிச்சதும் நீங்களே செக் பண்ணலாம். தண்ணி விடாத நேரத்துல போர் மோட்டார ஓட விட்டு, மீட்டர் பக்கத்துல இருக்கிற முதல் குழாயத் திறங்க. தண்ணி வந்து அது கரிச்சா எங்கேயோ இன்னும் சேந்திருக்குன்னு அர்த்தம், தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்க. அதே குழாய் வாயில ஈரமில்லாத உள்ளங்கைய வச்சுப் பாருங்க, உள்ள இழுத்தா தெருவுல யாரோ நேரா மோட்டார் போடுறாங்க, ஏரியா ஜே.இ.கிட்ட (ஜூனியர் இன்ஜினியர்) சொல்லிடுங்க. அப்புறம் கடையில குளோரின் டெஸ்ட் கிட் கிடைக்கும், தண்ணி விடுற நேரத்துல பாத்தா லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது காட்டணும். காட்டலைன்னா அது சரியாகுற வரைக்கும் கொதிக்க வச்சுதான் குடிக்கணும், வீட்ல சின்னப் பிள்ளைங்க இருந்தா இதுல சமாதானமே கிடையாது.