கணக்கில் இருக்கும் கம்பி கிடங்கில் இல்லையே?

கேள்வி: உச்சிப்புளியில் சிமென்ட், கம்பி மொத்த வியாபாரம் செய்கிறேன். மண்டபம், தேவிபட்டினம் வரை சில்லறைக் கடைகளுக்குச் சரக்கு அனுப்புகிறேன். மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் கம்பி கணக்கைவிடக் குறைகிறது. சிமென்டிலும் பத்துப் பதினைந்து மூட்டைகள் கட்டிபிடித்துவிடுகின்றன. சுமை இறக்கும் ஆட்களை விசாரிப்பதா, மென்பொருள் வாங்குவதா?

- வாசகர், உச்சிப்புளி

பதில்: ஆட்களை விசாரிக்கும் முன், கம்பி எந்த அளவில் உள்ளே வருகிறது, எந்த அளவில் வெளியே போகிறது என்று பாருங்கள். எடைமேடைச் சீட்டின்படி டன் கணக்கில் வாங்கி, எண்ணிக்கையில் விற்று, விற்றதை மட்டும் அட்டவணை எடையில் (தடிமனுக்கும் நீளத்துக்கும் உரிய கணக்கு எடையில்) பதிவு செய்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். 12 மி.மீ. கம்பி ஒன்று, 12 மீட்டர் நீளத்துக்கு, அட்டவணைப்படி 10.66 கிலோ, ஆனால் அந்தத் தடிமனுக்கு 5 சதவீதம் வரை ஏற்ற இறக்கத்தை இந்தியத் தரநிர்ணயமே அனுமதிக்கிறது. வந்த கம்பி 3 சதவீதம் கனமாக இருந்தால் ஒரு டன்னுக்கு 91 கம்பிகள்தான் இருக்கும். அவை அத்தனையையும் விற்ற பிறகும் பதிவேட்டில் 30 கிலோ மிச்சம் நிற்கும். அதை யாரும் தூக்கிச் செல்லவில்லை, நீங்களே விலையில்லாமல் கொடுத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு லோடும் இறங்கும்போதே கம்பிகளை எண்ணி, சீட்டின் எடையை அந்த எண்ணிக்கையால் வகுத்து, கிடைக்கும் எடைக்கே விலை போடுங்கள். இதைச் செய்யாமல் வாங்கும் மென்பொருள் அதே பிழையை இன்னும் வேகமாகச் செய்யும்.

சிமென்டில் குறை அட்டி போடும், அதாவது மூட்டைகளை அடுக்கும், முறையில் இருக்கிறது. புது லோடைப் பழைய அட்டிக்கு முன்னால் அடுக்கினால், கைக்கு எட்டுவதைத்தானே எடுப்பார்கள்? சுவரோரத்து மூட்டை அங்கேயே கிடந்து உப்புக்காற்றின் ஈரத்தை இழுக்கும். நடுவில் ஆள் போக வழி விட்டு இரு வரிசையாக அடுக்கி, ஒரு வரிசை தீர்ந்த பின்னரே அடுத்ததில் கை வைக்கச் சொல்லுங்கள். மூட்டையில் அச்சிட்டிருக்கும் வாரத்தையும் ஆண்டையும் அட்டியின் முகப்பில் சாக்பீஸால் பெரிதாக எழுதுங்கள். தரையிலிருந்து அரையடி உயரத்தில் பலகை, சுவரிலிருந்து இரண்டடி இடைவெளி, பத்து மூட்டைக்கு மேல் உயரம் வேண்டாம். (அடிமூட்டை பாரத்தால் இறுகியிருந்தால் உருட்டியதும் உதிரும், உதிராத கட்டியைக் கழித்துவிடுங்கள்.) மூன்று மாதம் கடந்ததைச் சோதிக்காமல் விற்கக் கூடாது.

சிமென்ட் தேங்கிப் பழசாகாமலிருக்க ஆர்டரையும் கணக்கிட்டுக் கொடுங்கள். நாளொன்றுக்கு 40 மூட்டை விற்று, லோடு வர நான்கு நாள் ஆகுமானால், இரண்டு நாள் கையிருப்பையும் சேர்த்து, 240 மூட்டைக்கு இறங்கும்போது ஆர்டர் கொடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலைகள் நின்றுவிடும் என்பதால், புரட்டாசிக் கடைசியிலேயே இந்த எண்ணைக் குறைத்துப் போட்டுவிடுங்கள்.