ஃபியூஸ் இருக்கும்போது ஆர்.சி.சி.பி. எதற்கு?

பினாங்கு ஜார்ஜ்டவுன் பக்கம் பழைய வீடு வாங்கியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

ஆர்.சி.சி.பி. என்பது மின்கசிவைக் கண்டதும் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் பத்துப் பேராகப் போய், திரும்பும்போது ஒன்பது தலைதான் இருந்தால் அம்மா வேனைக் கிளம்ப விடுவாரா? அதே கணக்குதான். லைவ் கம்பியில் போன கரண்ட் நியூட்ரலில் முழுதாகத் திரும்ப வேண்டும். குறைந்தால், எங்கோ தரைக்குக் கசிகிறது. அது ஒருவரின் உடல் வழியாகவும் இருக்கலாம்.

ஃபியூஸின் வேலை வேறு. கம்பி சூடேறித் தீப்பிடிக்காமல் காப்பது. பல ஆம்பியர் பாய்ந்தால்தான் அது உருகும். உயிரைப் பறிக்கவோ ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். ஃபியூஸுக்கு அது தெரியவே தெரியாது. அதனால்தான் பிளக்குகளுக்கு 30 மில்லி ஆம்பியர், அதாவது ஒரு ஆம்பியரில் ஆயிரத்தில் 30 பங்கு கசிந்தாலே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. போடுகிறோம். ஈரக் காலோடு நாம் நிற்கும் குளியலறையின் வாட்டர் ஹீட்டருக்கு 10 மில்லி ஆம்பியர்.

பதிவுபெற்ற வயர்மேனை வைத்தே மாட்டுங்கள். எர்த் கம்பி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், பழைய வீடுகளில் அது அறுந்தும் கிடக்கலாம். அப்புறம், மாதம் ஒருமுறை ஆர்.சி.சி.பி.யிலுள்ள சின்ன டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். சுவிட்ச் 'டக்'கென்று விழ வேண்டும்.

அடிக்கடி டிரிப் ஆனால், அதாவது தானாக விழுந்தால், ஆர்.சி.சி.பி. கெட்டுவிட்டது என்று பலர் கழற்றச் சொல்கிறார்கள். பெரும்பாலும் கெட்டிருப்பது ஹீட்டரோ பழைய வயரோதான்.